நாட்டுக்கு நாடு ஒரு பதினேழு

தைத்து முடித்த இருக்கையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிய்த்தெறிவது போல் இழுத்துப் பார்க்கிறார் கடைக்காரர் பதினேழு. வண்டிக்காரர் பதறுகிறார். "பயப்படாதீங்க. ஆள் தொங்குற பெல்ட்டே தைச்சவன் நான். உங்க சீட்டு பிஞ்சா என்னை வந்து கேளுங்க" என்று சிரிக்கிறார்.

விமானப்படையின் பதினேழாவது ஸ்குவாட்ரன் என்ற பிரிவில் ஹெலிகாப்டர் இருக்கைகளும் வார்களும் தைத்தவர். ஒருநாளும் பறந்ததில்லை. ஓய்வு பெற்று வண்டி சீட்டு தைக்கும் கடை போட்டபோது வாசலில் '17' என்று மட்டும் பெயிண்டில் எழுதினார். அதுவே அவர் பெயராகிவிட்டது. கோபம் வந்தால் மனைவியும், "இந்தப் பதினேழைக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதும்" என்பார்.

அந்த எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் கத்தரிக்கோல் கீழே போய்விடும். "நம்பர் என்ன, நாம மட்டும் விலைக்கு வாங்கினதா? நாட்டுக்கு நாடு ஒரு பதினேழு இருக்கு. ஒரு நாட்டுல அது சண்டை போடும். இன்னொண்ணுல மூட்டை சுமக்கும். ஒரு நாட்டுல கலைச்சே போட்டாங்க, பாவம்!" சித்தப்பா வீட்டுச் சங்கதியைச் சொல்வது போலிருக்கும்.

போன மாதம் ஸ்கூட்டர் சீட்டுக்காக ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். வாசலில் எண்ணைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க அந்தப் பதினேழா?" பல வருஷத்துக்கு முன் வந்த பெரிய வெள்ளத்தில் அவரையும் அவர் அம்மாவையும் கூரையிலிருந்து தூக்கிய ஹெலிகாப்டரில் பதினேழாவது ஸ்குவாட்ரன் என்று எழுதியிருந்ததாம்.

பதினேழுக்கு உடனே விளங்கிவிட்டது. அது உதவிக்கு வந்திருந்த பக்கத்து நாட்டின் பதினேழு. இவருடைய பதினேழு அன்று உத்தரவு வரும் என்று கொட்டகைக்குள்ளேயே நின்றது. இவர் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தபோது, உள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். கல்யாணமான நாளாக அப்படி ஒரு பெருமையோடு அவர் இவரைப் பார்த்ததில்லை.

"நம்ம கடமைதானே தம்பி." சொல்லிவிட்டார். சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் மனைவி தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். பால் கடைக்காரர் இவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார். அவர் எழுந்து நிற்பதற்குப் பயந்து, இவர் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

இந்த வாரம் மருந்துக்கடைக்காரர் தன் அம்மாவையே அழைத்து வந்துவிட்டார். வயதானவர், காது அடைத்துப் போனவர். இவரைக் கண்டதுமே முடிவுகட்டிவிட்டார். "கயித்துல இறங்கின புள்ள நீதானாப்பா?"

அதற்கு மேல் பதினேழுக்குத் தாங்கவில்லை. "அம்மா, அது நாங்க இல்ல. அது பக்கத்து நாட்டுப் பதினேழு. நாங்க வரவே இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

மகனின் முகம் செத்துவிட்டது. காபி கொண்டுவந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா சொல்றாரு?" என்றார் அம்மா.

மகன் இவர் பக்கம் திரும்பவேயில்லை. அம்மாவின் காதருகே குனிந்து கத்தினார்: "நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாரும்மா!"

"எனக்கென்ன குறை!" அந்த அம்மாள் இவருடைய வலது சட்டைக் கையை மேலே சுருட்டினார். கூரைத் தகரம் கிழித்து ரத்தம் கொட்டக் கொட்ட, அந்தக் கையால்தான் தன்னை அணைத்துத் தூக்கினான் பிள்ளை என்றார். வழவழவென்றிருந்த தோலை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டேயிருந்தார்.

"தழும்புகூட இல்லாம ஆறிடுச்சேப்பா."

இவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போனார்கள். மனைவி காபியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பதினேழு, அந்த அம்மாள் சுருட்டிவிட்ட சட்டைக் கையை இறக்கி, தழும்பில்லாத தோலை மூடி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டார். பிறகு அந்த உச்சி வெயிலில், கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.