ஜீப்புக் கம்பியில் கட்டிய பை

அடிவாரத்து முந்தல் தாண்டி ஜீப்பு மலையேறத் தொடங்கியதும் குருவம்மாளின் வாயும் திறந்துகொள்ளும். டிரைவர் சோணையின் மீசையில் தொடங்கி, யார் தூக்குவாளியில் பழைய குழம்பு என்பது வரை ஒன்றையும் விடமாட்டாள். சிலமலையிலிருந்து இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தாள். காய் எடுத்த விரலின் மணம் சோறு பிசைந்தாலும் போகாது. இப்போது கட்டிலில் கிடந்தபடி விரலை முகர்ந்து பார்க்கிறாள். மருந்து வாடைதான் வருகிறது.

ஜீப்பில் வருகிற யாருக்காவது கஷ்டம் என்றால், காய் எடுக்கும் பை ஒன்றைப் பின்கம்பியில் கட்டுவார்கள். பணம் போடுகிறவர், போடாதவர் எல்லோருமே மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அந்த வழக்கத்தைத் தொடங்கியவளே குருவம்மாள்தான்.

அவளுக்கு ஈரலில் புற்று. குணமாகாது, ஆனால் விலை கூடின ஊசி போட்டால் மூன்று மாதம் கூடுதலாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டையில் அந்த ஊசி வராது. மகள் பானுப்பிரியா ஜீப்பில் வந்து உதவி கேட்டாள். கொடுக்கலாம் என்று பாதிப் பேர், வீண் செலவு என்று பாதிப் பேர்.

சோணை வீட்டுக்கே வந்துவிட்டான்.

"கோவிச்சுக்கிராத மதினி. பொழைக்கிற சீக்குன்னா வண்டியவே வித்துருவேன். மூணு மாசத்துக்கு எதுக்கு? அந்தக் காசு பேரப்பிள்ளைக படிப்புக்கு ஆகுமுல்ல?"

எட்டு வருடத்துக்கு முன், கூடக் காய் எடுத்த சோலையம்மாள் சாகக் கிடந்தபோது குருவம்மாள் சொன்ன அதே பேச்சு. அன்று பை கட்ட விடாமல் தடுத்ததும் அவள்தான். "நீ சொன்னாச் சரிதான் தாயி" என்று சோலையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்றே குருவம்மாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ஏப்பா சோணை, பத்து நிமிசம் நாங்க வரப் பிந்துனா ஆரனை அந்த அடி அடிப்ப. எனக்கு மூணு மாசம்னா சும்மாவா? அடுத்த எடுப்புல காய் எப்படின்னு பாக்கணும்ப்பா. சோலையம்மாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், நான் கேக்கல. எனக்கு வேணும். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. பையக் கட்டு."

சோணை தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாள் காலை அவனே பையைக் கட்டி, முதல் ஆளாகக் கையை உள்ளே விட்டான்.

சாயங்காலம் பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"ரெண்டு ஊசிக்குத்தான் ஆகும் மதினி."

குருவம்மாள் பையை முகத்தோடு அழுத்தி மூச்சை இழுத்தாள். ஏலக்காய் மணத்தது.

"போதும்னு சொல்லுவேன்னு நிக்கிறியா? அடுத்த சம்பளத்துக்கு மறுபடி கட்டு" என்றாள்.