தாடிமாட்டுக் கன்று

மல்வேர்ன் தொடர்மாடியில் யூஜினியின் வீடு என் கதவுக்கு எதிர்க்கதவு. பகலில் ஒரு நேர்சிங் ஹோமில் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிற வேலை. மாலையில் பஸ்ஸால் இறங்கி வந்ததும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் ரீவியைப் போடுவாள். மற்றப் பெண்கள் சினிமாப் படம் பார்ப்பார்கள். இவள் ஆபிரிக்கப் புல்வெளியில் ஓடித் திரியும் வில்டபீஸ்ட்டைப் பார்ப்பாள். அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. தாடி தொங்குவதால் தாடிமாடு என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஒருநாள் ரீவியில் போன நிகழ்ச்சியை வீடியோ டெக்கில் பதிந்து, நாடா தேயும்வரை பார்த்தாள். எனக்கே மனப்பாடமாகிவிட்டது. மழை பெய்த இடத்தில் முளைக்கும் புல்லைத் தேடி அவை லட்சக்கணக்கில் நடக்கும். கன்றுகள் எல்லாம் இரண்டு மூன்று கிழமைக்குள் பிறக்கும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து தாயின் பின்னால் போகும். அந்த முதல் நாட்களிலேயே தாயைப் பழகிக்கொள்ளும். முதலைகள் கிடக்கும் ஆற்றைக் கடந்து கரையேறியதும் தாய்களும் கன்றுகளும் கத்திக் கத்தித் தேடும். தாயைத் தவறவிட்ட ஒரு கன்று, படம் பிடிக்க வந்தவர்களின் ஜீப்புக்குப் பின்னால் ஓடும். அந்த இடத்தில் யூஜினி ஒவ்வொரு முறையும் அழுவாள்.

"மாட்டுக்கும் அழுறியோடி? உனக்கு வேற வேலை இல்லையோ?" என்பேன்.

"அக்கா, அது ஜீப்பைத் தாய் எண்டு நினைச்செல்லோ ஓடுது."

கணவன் இறந்தபின், இரண்டு வயது மகள் கிறிஸ்ரினாவை ஊரில் தமக்கை எமில்டாவிடம் விட்டுவிட்டு 1991இல் இந்தக் குளிர் நாட்டுக்குத் தனியாக வந்தவள் அவள். அகதி வழக்கு, பேப்பர், ஸ்பொன்சர் என்று ஐந்து வருடம் போய்விட்டது. மகளுக்குத் தன்னைத் தாய் என்று தெரியுமா என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

96ஆம் ஆண்டு கடைசியில் பிள்ளை வந்து சேர்ந்தாள். ஏழு வயது. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பாள். தாயை "அன்ரி" என்று கூப்பிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்ரி இல்லை, அம்மா. சொல்லு பாப்பம்" என்று ஒரு பொம்மையைக் காட்டி ஆசைகூடக் காட்டினேன். யூஜினி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"விடுங்கோ அக்கா. காய்ச்சலுக்கு முழிச்சிருந்தது எமில்டா அக்கா. அவவை அம்மா எண்டு கூப்பிட்டு வளந்த பிள்ளை. அதைப் பறிக்க என்னால ஏலாது."

சரியான வாய் செத்தவள் என்று நினைத்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலை ரொட்டி கொடுக்கப் போனேன். கொழும்பில் இருந்த எமில்டாவுக்கு யூஜினி திரும்பத் திரும்ப நம்பர் அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தாடிமாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்று ஜீப்பைத் துரத்தியது.

"அன்ரி, இதின்ர அம்மா தேடேல்லையோ?"

"தேடுவா."

"நீங்கள் என்னைத் தேடினீங்களோ?"

"ஒவ்வொரு நாளும்."

"அப்ப ஏன் வரேல்லை?"

பேப்பர், வழக்கு என்று நான் வாயெடுத்தேன். யூஜினி என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வந்திருக்க வேணும் குஞ்சு. வர ஏலாமப் போச்சு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாய் மன்னிப்புக் கேட்டதை நான் அன்றுதான் கண்டேன். பிள்ளை படத்தின் பக்கம் திரும்பினாள்.

அந்த நேரம் லைன் கிடைத்தது. யூஜினி ரிசீவரை மகளிடம் கொடுத்தாள். பள்ளிக்கூடம், பனி, பல் விழுந்த கதை எல்லாம் எமில்டாவுக்குச் சொல்லி முடித்துவிட்டு, கிறிஸ்ரினா ரிசீவரை யூஜினியிடம் நீட்டினாள்.

"அம்மா, இந்தாங்கோ. அம்மா உங்களோட கதைக்கோணுமாம்."

யூஜினி வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் எமில்டா "ஹலோ, ஹலோ" என்பது எனக்கே கேட்டது.

"அக்கா, கேட்டதோ?" என்று யூஜினி கடைசியில் ஒருமாதிரிக் கேட்டாள்.

"கேட்டதடி," என்று எமில்டா அழுதாள். "நான்தான் நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தனான், உனக்கு ரெண்டு அம்மா எண்டு."