ஈரத்தோல் விடாத அரிவாள்

எங்கள் அக்கா கண்மூடி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவின் பொறுமையைப் பற்றி நாலு வரி எழுதும்படி உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நடந்ததை எழுதுவதே அக்காவுக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

சமயநல்லூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர் அக்கா. பெற்றோர் அடுத்தவர் வயலில் உழைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு, பை தைக்கும் பட்டறை ஒன்றில் தோல் வேலை பழகினார். பின்னர் வீட்டு முன்னறையிலேயே, தென்னை ஏறுபவர்களுக்கு அரிவாள் உறை செய்து கொடுக்கத் தொடங்கினார். தைத்த உறையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிய அரிவாளை உள்ளே செருகி, அதன் வளைவுக்கு ஏற்ப விரலால் அமுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவார். காய்ந்தபின் அந்த உறை அந்த அரிவாளுக்கு மட்டுமே பொருந்தும்.

அக்காவின் கணவர் அடிப்பார். மகள் பிறந்த பிறகு அடி அதிகமாயிற்று. ஒருமுறை காதில் ரத்தம் வந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்டா" என்றார் அக்கா. நானும் நம்பியதுபோல இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவைப் பார்க்கப் போனேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே கணவர் அக்காவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்.

"எவனுக்குடி இம்புட்டு ஆசையா தடவித் தடவிச் செய்யிற?"

என்னைக் கண்டதும், "மாப்ள, இது எங்க வீட்டு விசயம். வெளியவே நில்லு," என்றார். நான் நின்றேன்.

பலகையின்மேல், அன்று காலை கட்டிய உறை அரிவாளோடு கிடந்தது. அதை எடுத்துப் பிடியைப் பற்றி இழுத்தார். வரவில்லை. ஈரத்தோல் இரும்பைக் கவ்வியிருந்தது, கயிறு வேறு. உறையைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். அப்படியும் வரவில்லை. உறையோடு ஓங்கி அடித்தார். தடுத்த அக்காவின் இடக்கை முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. அடுத்த அடியில் நெற்றி பிளந்தது. மூன்றாவது அடிக்கு அவர் ஓங்கியபோது, அக்கா தோல் தட்டும் மரச்சுத்தியலை எடுத்து அவர் முழங்காலில் அடித்தார். அவர் விழுந்தார். விழுந்தவரை அக்கா மறுபடியும் அடித்தார். எதிர்வீட்டு இட்லிக்கடை அம்மா எங்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, "போதும் தாயி, செத்துருவான்!" என்று கட்டிப்பிடித்த பிறகே கை நின்றது.

"அருவா மட்டும் உருவி வந்திருந்தா நான்ல செத்திருப்பேன்," என்றார் அக்கா.

ரத்தம் வடிய ஆட்டோவில் ஏறியவர் முதலில் இறங்கியது காவல் நிலையத்தில். மருத்துவமனை அதற்குப் பிறகுதான். கணவர் சிறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அக்கா கதவைத் திறக்கவில்லை. எலும்பு கோணலாகக் கூடிய அந்தக் கையோடு மேலும் இருபது ஆண்டுகள் உறை செய்து, மகளை நர்ஸ் படிப்பு படிக்கவைத்தார்.

சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்த கடைசி மாதத்தில், அன்று வாசலில் நின்றதற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உள்ள வந்திருந்தா உன்னையும் அடிச்சிருப்பான்டா தம்பி," என்றார். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "அதுக்காக வராம நின்னது சரின்னு நான் சொல்லமாட்டேன்," என்றார்.

அக்காவைக் கடைசிவரை பேணிய மகளுக்கும், மருத்துவமனை ஊழியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த தென்னைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அன்று உள்ளே போன ஒரே ஒருவர் இட்லிக்கடை அம்மா. அவருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. இம்மலரின் முதல் பிரதியை அவர் கையில் கொடுத்து வணங்குகிறேன்.

தம்பி