வலப்பக்கம் யாரும் உட்கார வேண்டாம்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் காதுகள் சும்மா இருந்த நேரம் குறைவு. காலையில் மின்சார ரயிலில் பாட்காஸ்ட். அலுவலகத்தில் பகல் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச்சு. திரும்பும்போது பாட்டு. சமைக்கும்போது ஏதாவது துப்பறியும் தொடர் போனில் ஓடிக்கொண்டிருக்கும். வெங்காயம் நறுக்கியபடியே கொலைகாரன் யார் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

என் அறைத்தோழிக்கும் எனக்கும் சினிமாப் பைத்தியம். அவளுக்குக் கதை முக்கியம், எனக்கு ஒலி. தியேட்டரில் நடு வரிசையில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த காட்சிக்குக் காத்திருப்பேன். மழை எந்தப் பக்கத்திலிருந்து பெய்கிறது, கதவு எந்த மூலையில் சாத்தப்படுகிறது என்பதெல்லாம் காதில் விழவேண்டும் எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதற்குள் மைக்கை நிறுத்தி, பார்த்த படத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிப் பதிவு செய்வோம். பிறகு நான் உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் சீராக்குவேன். அவள் குரல் இடது காதில், என் குரல் வலது காதில் வரும்படி பிரித்து வைப்பது என் ஏற்பாடு. கேட்பவர்களுக்கு இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றவேண்டும் என்று ஆசை. கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், அதிலும் பாதி எங்கள் நண்பர்கள். ஆனாலும் மற்ற நாட்களை நான் ஓட்டியது அந்த ஞாயிறு மதியத்துக்காகத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ரயிலில் ஏறி இயர்போனைச் செருகினேன். வலது பக்கம் வேலை செய்யவில்லை. ஒயர் போய்விட்டது என்று நினைத்து, இறங்கியதும் புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் வலது பக்கம் செத்துக் கிடந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லாக் கேக்குதேம்மா" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சளி அடைத்திருக்கும் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க இடது காதை வைத்தே சமாளித்தேன். வெள்ளிக்கிழமை அலுவலகப் படிக்கட்டில் தலை சுற்றிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன்.

பரிசோதனை அறையில் ஹெட்செட்டை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது பக்கத்துக்கு மாற்றியதும் பொத்தானைப் பிடித்தபடி காத்திருந்தேன். இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் வெளியே வரச் சொல்லிக் கை காட்டினாள். சோதனை முடிந்திருந்தது.

"நரம்பு பாதிச்சிருக்கு. ஏன்னு சில பேருக்குச் சொல்லவே முடியாது" என்றார் டாக்டர். "கேக்கலைன்னு தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா நல்லாருக்கும். பரவாயில்ல, முயற்சி பண்ணிப் பாப்போம்."

மாத்திரை கொடுத்தார். பிறகு செவிப்பறை வழியாகவே ஊசி போட்டார். கேட்கும் திறன் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் காதுக்குள் ஒரு சத்தம் வந்து குடியேறியது. தூரத்தில் மோட்டார் ஓடுவது போல ஒரு ரீங்காரம், சமயத்தில் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வரும் சீறல். அதற்கு ஓய்வே இல்லை. அலுவலகத்தில் வாடிக்கையாளர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். குழுத்தலைவர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போய்ட்டு வா. அங்க அமைதியா இருக்கும்" என்றார்.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்கவேண்டும். அப்பாவுக்கு மிளகாயும் குதிரைவாலியும் போடுகிற மானாவாரி நிலம், தோட்டத்தில் ஒரு கிணறு, சில ஆடுகள். நான் ஒரே பிள்ளை. உடம்பு சரியில்லை, லீவில் வாரேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. சென்னையில் பஸ்ஸும் ஆட்டோவும் பக்கத்து வீட்டு மிக்சியும் சேர்ந்து காதுச் சத்தத்தைக் கொஞ்சமாவது மூடிவைத்திருந்தன. ஊரில் மதியம் சீமைக்கருவேலம் இலைகூட அசையாது. நாய்கூடக் குரைக்காது. அந்த வெறுமையில் என் வலது காது மட்டும் ஓங்கி இரைந்தது. தப்பித்து ஓட இடமில்லை. எங்கே போனாலும் அது என் தலைக்குள்ளேயே கூட வந்தது.

வந்த மறுநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த அப்பாவிடம், "தோட்டத்துல மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குப்பா, நிறுத்தலையா?" என்று கேட்டேன். சென்னையில் கேட்ட அதே சத்தம்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை. ஊரில் மோட்டார் ஓடுவது இயல்புதானே. அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெயிலில் போனார். திரும்பி வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"காலையில இருந்து கரண்டே இல்லத்தா" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வந்து என் வலது காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், உள்ளே ஏதோ விழுந்து கிடப்பது போல.

"காது வலின்னே சொல்லுவோம்" என்றாள் கடைசியில். "கேக்கலைன்னு வெளிய மூச்சு விடக்கூடாது. அருப்புக்கோட்டைக்காரவுக பொண்ணு பாக்க வாரேன்னு சொல்லியிருக்காக. மாப்பிள்ளை பெங்களூர்ல இருக்காரு. இந்த நேரத்துல போயி..."

பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தாள். காதில் எதுவும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். "டாக்டரு விட்டதெல்லாம் கேட்டுருச்சா?" என்றாள். தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் யார் எதைச் செய்தாலும் தலையைச் சாய்த்துக் கொடுத்திருப்பேன்.

எங்கள் வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கண்மாய்க் கரையில் ஏறினால் கிடைக்கும். ஒருநாள் சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தபோது அறைத்தோழி அனுப்பிய புதுப் பதிவு வந்தது. 'நீ வர்ற வரைக்கும் என் ஆபீஸ் பொண்ணு ஒருத்தி உன் இடத்துல பேசுறா. கோச்சுக்காத' என்று எழுதியிருந்தாள். கோபமெல்லாம் இல்லை. இயர்போனைப் போட்டுக் கேட்கத் தொடங்கினேன்.

நான் பிரித்து வைத்திருந்த அதே முறையில்தான் பதிவு செய்திருந்தார்கள். இடது பக்கம் என் தோழியின் குரல். வலது பக்கம், என் இடத்தில், அந்தப் புதுப் பெண். எனக்குத் தோழியின் குரல் மட்டும் வந்தது. "அந்த கிளைமாக்ஸ் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். பிறகு நீண்ட மௌனம். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ, ஆமால்ல!" என்றாள். மறுபடி மௌனம். ஆளே இல்லாத அறையில் ஒருத்தி தனியாகப் பேசிச் சிரிப்பதைக் கேட்பது போல இருந்தது. இயர்போனை மாற்றிச் செருகினேன். இப்போது முன்பின் தெரியாத ஒரு பெண் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தோழியைக் காணவில்லை.

போனை மடியில் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தர் தூரத்திலிருந்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. சும்மா தலையாட்டினேன்.

இரண்டு பக்க ஒலியையும் ஒரே காதுக்குக் கொண்டுவர போனிலேயே வழி இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். செய்தும் பார்த்தேன். பாட்டு முழுதாக வந்தது. ஆனால் எல்லா வாத்தியமும் ஒரே சந்துக்குள் நெரிசலில் மாட்டிக்கொண்டது போல இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அதிலிருந்து பாட்டுக் கேட்பதையே விட்டேன். தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் போவதையும் நானாகவே நிறுத்திக்கொண்டேன். எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு ஏதோ பட்டிருக்கவேண்டும். எங்கே கிளம்பினாலும் "நீயும் வா, சும்மா உக்காந்திருக்காத" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

அப்படித்தான் ஒருநாள் மருந்தடிக்கும் மெஷினுக்கு ஏதோ பாகம் வாங்கப் பந்தல்குடிக்குப் போனோம். அவர் கடைக்குள் நிற்க, எதிர்ப்பக்கம் தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்று நான் ரோட்டில் இறங்கினேன். ஹாரன் கேட்டது. எனக்கு இப்போது எல்லாச் சத்தமும் இடப்பக்கத்திலிருந்துதான் வரும். இடது பக்கம் திரும்பினேன். ரோடு காலியாக இருந்தது. தைரியமாக ஓர் அடி எடுத்து வைத்தேன். யாரோ என் துப்பட்டாவோடு சேர்த்துத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் லோடு ஏற்றிப் போன லாரி என் வலப்பக்கத்திலிருந்து வந்து, முகத்தில் காற்றை அடித்துவிட்டுப் போனது.

இழுத்தது அப்பா. "இவ்வளவு பெரிய லாரி வாரது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "எந்தப் பக்கத்துல இருந்துன்னு தெரியலையாத்தா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். ரோட்டோரமாக அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். காது கேட்காது என்றால் என்ன என்று அவருக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. எனக்கும்தான்.

அடுத்த வாரம் அருப்புக்கோட்டைக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அக்கா. என்னை எங்கே உட்காரவைப்பது என்று அம்மா காலையிலேயே நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசியில் என் வலப்பக்கம் சுவர் வருகிற மாதிரி மூலையில் எனக்கு இடம் ஒதுக்கினாள். "அந்தப் பக்கம் யாரும் உக்கார முடியாதுல்ல" என்றாள். எங்கோ மாட்டிக்கொண்ட ஒருத்தியின் முகமாகத்தான் அவள் முகமும் இருந்தது. அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

கூடத்துக்குப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்கா உள்ளறைக்கு வந்து எனக்குப் பூ வைத்துவிட்டார். சிரித்த முகம். நான் குனிந்து நின்றேன். பிறகு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. காப்பி குடித்தார்கள். மாப்பிள்ளை என்ன படம் பிடிக்கும் என்று கேட்டார், பதில் சொன்னேன். அப்போது அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "நான் உள்ள வச்சு ஒண்ணு கேட்டேன். பொண்ணு பதிலே சொல்லல" என்றார்.

"வெக்கப்படுது" என்றாள் அம்மா சட்டென்று.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இப்படியே ஆயுசு முழுக்கச் சுவர் பார்த்து, மூலை பார்த்து உட்காரவேண்டும் என்று நினைத்தபோது சிரிக்க முடியவில்லை.

"நீங்க கேட்டது எனக்குக் கேக்கல மதினி" என்றேன். "எனக்கு வலது காது கேக்காது. இப்ப கொஞ்ச நாளாத்தான். இனிமே வராதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. என்ன கேட்டீங்க?"

அந்த அக்கா என்னையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "புடிச்சுத்தான் சம்மதிச்சியா, இல்ல யாரும் கட்டாயப்படுத்துறாகளான்னு கேட்டேன்" என்றார் தணிந்த குரலில்.

எத்தனையோ நாளாக என்னிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கேட்ட ஒருத்தரும் என் செத்த காதில்தான் கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய அம்மா எழுந்துகொண்டார்.

சாப்பாடு தயாராக இருந்தது, சாப்பிடாமலே கிளம்பினார்கள். போன் பண்ணுகிறோம் என்றார்கள். பண்ணவில்லை.

கார் போனதும் அம்மா என்மேல் பாய்ந்தாள். "ஒரு சிரிப்பு சிரிச்சு வச்சா குடியா முழுகிரும்? ஊரு பூரா இனிச் செவிடின்னு சொல்லும்டி. எவன் வருவான்?"

"ஏய், விடு அதை" என்றார் அப்பா. "மறைச்சுக் கட்டிக் குடுத்துருவ. அங்க போயி அது ரோட்டத் தாண்டையில யாரு பிடிச்சு இழுப்பா?"

அம்மாவுக்கு லாரி விஷயம் தெரியாது. என்னவென்று அவரைக் கேட்டாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அம்மா ஆக்கி வைத்த சோற்றையெல்லாம் மூடி வைத்தாள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். செய்தது சரி என்று தோன்றியது. அதோடு, எல்லாம் முடிந்துவிட்டது என்றும் தோன்றியது. மதியம் முழுக்கக் காது இரைந்துகொண்டே இருந்தது.

லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பினேன். பேசுகிற வேலையிலிருந்து என்னை, வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். நான் ஏறி வந்த படியிலிருந்து ஒரு படி கீழே. அறைத்தோழி மறுபடி பேசக் கூப்பிட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். தொடர்களை சப்டைட்டிலோடு பார்க்கிறேன். தியேட்டருக்கு இதுவரை போகவில்லை. அம்மா போனில் இன்னமும், "யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்கிறாள்.

புதுக் குழுவில் முதல் கூட்டத்தன்று அறைக்குள் போனபோது ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம் இருந்தது, மேஜையின் இடது கோடியில். அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் என் வலப்பக்கம். வாசலிலேயே நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு, "எனக்கு வலது காது கேக்காது. யாராவது இடம் மாறிக்க முடியுமா?" என்று கேட்டேன். முன்பின் பழக்கமில்லாத ஒருவர் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்து இடம் விட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் தொடங்கியது. பேசியதில் பாதிதான் எனக்கு விளங்கியது. மீதியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.