தாழ்மையைத் திருத்திச் சொன்ன பாதர்

சலூன் கதிரையில் பாதி முகம் மழித்தபடி இருந்தபோது போன் வந்தது. கோயில் மணி அடிக்கும் பேதுரு பேசினான். "பாதர் விடியப்புறம் கண்ணை மூடிட்டார் மாஸ்ரர்" என்றான். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தேன். சவரம் செய்தவர் மற்றப் பாதியையும் மெதுவாக முடித்துவிட்டார்.

பாதர் நீக்கிலாஸை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் அவரைத் தாழ்மையின் உருவம் என்று ஆளுக்காள் சொன்னீர்கள். செத்தவர்களுக்கு வெள்ளையடிக்கிற நம் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. குருமடத்தில் அவரும் நானும் பல வருடம் சேர்ந்து கிரேக்கம் கற்பித்தோம். அவர் கத்தோலிக்கக் குரு, நான் புரட்டஸ்தாந்து வீட்டுப் பிள்ளை. அடுத்தவரை ஒரு வசனம் பேசி முடிக்க விடமாட்டார். கரம்போர்ட் விளையாடித் தோற்றால் பலகை சரிவு என்பார். தன் கிரேக்கத்தில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் நேசித்தேன். அதனால்தான் அவருக்கு ஒருமுறை நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாழ்மைக்கு வேதாகமத்தில் வரும் கிரேக்கச் சொல் 'தப்பெய்னோஸ்' என்பதிலிருந்து பிறந்தது. பள்ளமான நிலத்தையும் அப்படிச் சொன்னார்கள், அடிமையையும் அப்படிச் சொன்னார்கள். பழைய கிரேக்கர் வாயில் அது பெரும்பாலும் ஏச்சு. அந்த ஏச்சை எடுத்து ஒரு நற்குணத்துக்குப் பெயராக வைத்தவர்கள் முதல் கிறிஸ்தவர்கள். இதை வகுப்பில் பாதர் சொன்னால் பின்வரிசையில் தூங்குகிறவனும் எழும்பிவிடுவான். ஆனால் தவக்காலப் பிரசங்கங்களில் அவர் இதை வேறு மாதிரிக் கொண்டுபோனார். "மண்ணைப்போலை கிடவுங்கோ, மிதிச்சாலும் பேசாதேங்கோ" என்று முடிப்பார். அது அந்தச் சொல்லின் பாதிதான் என்று நான் வாதாடினேன். உமக்குப் பிரசங்கம் செய்து பழக்கமில்லை என்று தட்டிவிட்டார்.

அவருடைய பங்குக்கோயில் அரியாலைப் பக்கம். ஒரு நாள் அங்கே அன்ரன் என்பவரின் புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் போயிருந்தார். அன்ரனின் காணிக்கும் அவருடைய காலமான அண்ணனின் காணிக்கும் நடுவே மதில் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் தகப்பன் காலத்திலிருந்தே ஒரே கிணறு. மதிலுக்கு வெட்டியிருந்த அத்திவாரமோ கிணற்றை முழுதாக அன்ரன் பக்கம் விட்டிருந்தது. அண்ணனின் மனைவி திரேசம்மா றோட்டுக் குழாயிலிருந்து இரண்டு வாளியில் தண்ணீர் சுமந்து வந்தார். கிணறு இருக்க ஏன் இந்தப் பாடு என்று பாதர் கேட்டார்.

"நீங்கள்தானே பாதர் மண்ணைப்போலை கிடக்கச் சொன்னியள்" என்றார் திரேசம்மா. "அதுதான் கிடக்கிறன்."

அவர் குத்திச் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாகப் பாடம் ஒப்புவித்தார். அதுதான் பாதரை உலுக்கியது.

அன்று பின்னேரம் சைக்கிளை என் வீட்டு வேலியோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மரியாளின் புகழ்ப்பாட்டு வந்ததும் பாதரின் விரல் நின்றுவிட்டது. அவர் நாள்தோறும் மாலையில் செபிக்கிற பாட்டு அது. அங்கேயும் இதே சொல்தான். ஆனால் தாழ்ந்து கிடப்பவர்களை ஆண்டவர் அங்கே தூக்கிவிடுகிறார். தாழச் சொல்லும் இடங்களிலோ அதைக் கேட்டு நிற்பவர்கள் முதலிடம் தேடுகிறவர்கள்.

"நான் ஆருக்குச் சொல்லுறன் எண்டு பாக்கேல்லை மாஸ்ரர்" என்றார். "அன்ரனுக்குச் சொல்லவேண்டியதை அவளுக்குச் சொல்லிப்போட்டன்."

நான்தான் முதலே சொன்னேனே என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஆராதனையை விட்டுவிட்டு அவருடைய கோயிலுக்குப் போனேன். பாதர் பிரசங்க மேடையில் ஏறவில்லை. பெண்கள் இருந்த பாயருகே வந்து நின்றார். குரலில் வழக்கமான முழக்கம் இல்லை.

"தாழ்மையைப் பற்றி உங்களுக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உயரத்திலை நிக்கிறவன் தானா இறங்கினால் அது தாழ்மை. மிதிபட்டுக் கிடக்கிறவையை இன்னும் கிடவுங்கோ எண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை. திரேசம்மா, என்னை மன்னியுங்கோ. உங்கடை பங்கைக் கேளுங்கோ."

மன்னிப்புக் கேட்பது நம் வேலை, கொடுப்பது குருமார் வேலை என்று பழகிப்போன ஊர் இது. பெரியவர்கள் சிலர் வெளியே வந்து முணுமுணுத்தார்கள். சுவாமிமாரின் மரியாதை கெட்டுவிட்டதாம். பாதரின் காதில் அது விழுந்தது. வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனிதர், அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு பேசாமல் போனார். அவர் சண்டை பிடிக்காமல் போனதை நான் முதன்முதல் கண்டது அன்றுதான்.

அன்ரனிடம் கேட்கப் போனால் தானும் கூட வருவதாகப் பாதர் சொன்னாராம். "வேண்டாம் பாதர், நானே கேக்கிறன்" என்று திரேசம்மா மறுத்துவிட்டார். கேட்டார். மதில் கிணற்றுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது; கிணறு பழையபடி இரண்டு வீட்டுக்கும் பொதுவானது.

பாதர் அதற்குப் பிறகும் கரம்போர்டில் தோற்றால் பலகையைத்தான் குறை சொன்னார். ஆனால் பிரசங்கத்துக்கு முன் கோயிலுக்குள் எட்டிப் பார்த்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அறிந்த பிறகே ஆரம்பிப்பார்.

பாதரின் அடக்கம் முடிந்து கைகால் கழுவ நாங்கள் சிலர் திரேசம்மா வீட்டுக்குப் போனோம். கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குக் கிட்ட உள்ள வீடு அதுதான். கிணற்றடியில் அவரே தண்ணீர் அள்ளி ஊற்றினார். அன்ரனும் வந்து, அவசரமாய் வாளிக்குக் கை நீட்டினார்.

"கொஞ்சம் பொறு தம்பி" என்றார் திரேசம்மா. "முதல் மாஸ்ரர் கழுவட்டும்."

அன்ரன் கையை எடுத்துவிட்டுச் சிரித்தபடி ஒதுங்கி நின்றார்.

கிரேக்கம் எனக்கு முன்பே தெரியும். பாதரிடமிருந்து நான் வைத்திருப்பது, மண்ணாய்க் கிடந்த திரேசம்மா எழும்பி நின்று சொன்ன அந்தப் 'பொறு'.