அந்தி நேரத்துக் குரல்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். பல்லி கத்தினால்கூட என்ன சேதியோ என்று கலங்குவேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அப்பா கேலி செய்வார். அப்படிப்பட்ட நான்தான் அவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்காக ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினேன்.

எல்லாம் அவருடைய குரலால் வந்தது. எங்கள் மலையில், நெல்லிவாசல் பக்கம், சாமைக் கதிர் முற்றும் பருவத்தில் அந்தி சாய்ந்தால் விளைந்த கொல்லைக்குள் காட்டுப்பன்றி இறங்கும். காவல் பரணில் இருப்பவர் "ஓ... ஓய்" என்று குரல் கொடுப்பார். பக்கத்துக் கொல்லைக்காரர் பதில் குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் அவருக்கு ஏதோ ஆபத்து. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். பகையாளியாக இருந்தாலும் ஓடத்தான் வேண்டும்.

வயதாகி அப்பாவுக்கு நினைவு தடுமாறியது. அம்மா இறந்ததும், பக்கத்துக் கொல்லைக்காரர்கள் கேரளாவுக்கு வேலைக்குப் போனதும் மறந்துவிடும். அந்திக் குரல் மட்டும் மறக்காது. பருவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் குரல் கொடுப்பார். பதில் வராது. உடனே தேடிக் கிளம்பிவிடுவார். ஒருமுறை ஓடைப் பள்ளத்தில் நெற்றி கிழிந்து கிடந்தார். தூக்கியபோதும், "அவன் பதில் குடுக்கலம்மா" என்றுதான் சொன்னார்.

அடிவாரத்து ஆலங்காயத்தில் என் வாடகை வீடு ரோட்டோரம். நானும் கணவரும் வேலை முடிந்து வரவே இருட்டிவிடும். லாரிகளுக்கு நடுவே அவர் யாரைத் தேடி நடப்பாரோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இல்லம்.

முன்கூட்டியே போய் விசாரித்தேன். இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா நல்லவர்தான். "சாப்பாடு, மருந்து எல்லாம் நாங்க பாத்துக்குறோங்க. ஆனா கத்துறவங்கள வெச்சிக்க முடியாது. மத்தவங்க பயந்துக்குறாங்க" என்றார். குரலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தியில் எழுந்து நடந்துவிடுவார், அந்த நேரம் மட்டும் கதவைத் தாழிட்டு வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜீப்பில் வளைவுக்கு வளைவு அப்பாவிடம் ஒரே பாட்டு.

"அப்பா, அங்க கத்தக் கூடாது. கத்தினா வெளிய அனுப்பிடுவாங்க."

"நான் இன்னாத்துக்குக் கத்தப் போறேன்?" என்பார். அடுத்த வளைவில், "எங்கம்மா போறோம்?" என்பார். நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

அவருக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கம்பளி கிடைத்தன. துணிகளை அடுக்கிவிட்டு வெயில் தாழ்ந்ததும் விடைபெற்றேன். ஆனால் பஸ் ஸ்டாப்புக்குப் போகக் கால் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றேன். இப்போது கத்துவார், உடனே என்னைக் கூப்பிட்டு, உங்கள் அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்பார்கள். சமையலறையில் குக்கர் விசில் அடித்ததற்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெளிச்சம் போனது. விளக்குகள் எரிந்தன. குரல் வரவில்லை.

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் நினைவு தடுமாறிய நாளிலிருந்து அவர் குரல் கொடுக்காத அந்தி கிடையாது. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. என்னையும் அறியாமல் நானே கத்தினேன்.

"ஓ... ஓய்!"

பதில் இல்லை.

"இன்னாங்கம்மா, இப்டி கத்துறீங்க?" என்று வாட்ச்மேன் எழுந்து வந்தார். அதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தேன். அப்பாவின் அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன்.

அப்பா கதவுக்கு அந்தப் பக்கம், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி நழுவியிருந்தது. வாயை இறுக மூடியிருந்தார்.

"ஏம்பா பதில் குடுக்கல?"

என் தோளுக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, காதோரம் குனிந்தார்.

"கத்தக் கூடாதுன்னு சொன்னியே. உன் கொரலு கேட்டுச்சும்மா. உனுக்கு இன்னா ஆச்சோன்னு ஓடியாரப் பாத்தேன். கதவு தொறக்கல."