ஆடியில் பெயர் மாறிய கார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம் திண்டுக்கல்லில் நடந்தது இது. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. நானும் மகளும் அவரோடு போய்ச் சேர டிக்கெட் போட்டாகிவிட்டது. வீட்டுச் சாமான்களை உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்கிப் போனார்கள். எங்கள் பழைய காரை மட்டும் யாரும் சீண்டவில்லை. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள்.

கடைசியில் நிலக்கோட்டைப் பக்கமிருந்து மல்லிகை விவசாயம் செய்யும் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் மாமியாருக்கு டயாலிசிஸ். வாரம் இரண்டு முறை திண்டுக்கல் கூட்டிவர வேண்டும், பஸ்ஸில் முடியவில்லை. காரை ஓட்டிப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. அந்த அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வண்டிய இப்ப எடுத்துக்கிறோம்க்கா. பேர மட்டும் ஆவணி பொறக்கவும் மாத்திக்கிறோம்."

முன்பு ஓர் ஆடியில் வாங்கிய பூ ஏற்றும் வண்டி, அந்த மாதமே கவிழ்ந்து அவருக்குக் கால் உடைந்திருக்கிறது. இன்னமும் காலை லேசாகச் சாய்த்துத்தான் நடந்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. "அதுக்கென்ன, தை மாசம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, தாராளமா ஓட்டுங்க" என்று பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னேன். மனுஷன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிதானமாகக் கேட்டார். "பேர் மாறாம அந்த வண்டி யார் மேலயாச்சும் மோதுனா, கேஸ் உன் பேர்லதான் வரும். வித்த வண்டின்னு இன்சூரன்ஸ்ல கைய விரிச்சுட்டா? இங்கருந்து கோர்ட்டுக்குப் போவியா?"

வேறு ஆள் பார்க்க அவகாசமும் இல்லை, கொடுத்த வாக்கை மாற்ற வாயும் வரவில்லை.

சாவி வாங்க இருவரும் வந்தார்கள். சர்க்கரை போடாமலே காபி கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா, வண்டிய விட மனசு வரலையா?"

அவ்வளவுதான், கணவர் சொன்னதையெல்லாம் கொட்டிவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாங்க எங்கயாச்சும் இடிச்சு வச்சா, போன எடத்துல நீங்க பயந்துக்கிட்டுக் கெடக்கணுமா? நாளைக்கே பேர மாத்திருவோம்."

"ஆடிடீ" என்றார் அண்ணன் மெதுவாக.

"தெரியும். ஆடி நம்மளுக்கு. அதுக்கு அக்கா என்ன பண்ணும்?"

வேண்டாம் என்று ஒப்புக்குக்கூட நான் சொல்லவில்லை. சொல்லி, அவள் சரியென்றுவிட்டால்?

மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸ் ஆபீஸிலும் எழுதிக் கொடுத்தோம். நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் இரண்டும் அண்ணன் பெயருக்கு மாறிவிட்டன. காரை எடுக்கும்போது டயருக்கடியில் அவள்தான் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஏறுமுன் குனிந்து, பழம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

மஸ்கட் போயும் அவள் அப்படிக் குனிந்து பார்த்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. சாமி கும்பிடும்போதெல்லாம் அவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். ஆவணி முதல் தேதி காலையில் போன் செய்தேன்.

"எல்லாரும் நல்லாருக்கோம்க்கா. அத்தையக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிக்கிட்டு இருக்கோம். ஒவ்வொரு தடவ வண்டில ஏறயிலயும் நெஞ்சு பக்கு பக்குன்னு அடிச்சுக்கிரும். இன்னைக்குத்தான் கண்ண மூடாம உக்காந்துருக்கேன்" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

நான் கவலையில்லாமல் விமானம் ஏற வேண்டும் என்பதற்காக, முன்பின் தெரியாத ஒருத்தி ஆடி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கார் ஏறியிருக்கிறாள் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு மனிதர்கள் மேல் இருக்கும் நம்பிக்கை ஒரு படி கூடித்தான் போகிறது.